நூறு பைசா

சாம்பற்புதனன்று பால்பவுடர் டின் ஒன்றின் மூடியில்
கத்தியால் கீறல் போட்டேன்.
கெட்ட வார்த்தை ஒன்றுக்கு நூறு பைசா நோட்டு.
மனசுக்குள் சொன்னால் ஐம்பது, நாணயமாக.
சாட்சி, மேல்கட்டில் வின்ஸ்லி, குளச்சல்காரன்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

முதல் ஷிஃப்டிலேயே ஒரு ரியால் இருநூறு.

சொஹார் துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
கண்ணாடித் தரை போட்ட கூண்டு எனக்கு.
குனிந்தே கழுத்து வளைந்துவிட்டது;
தூரத்தில் பார்ப்பவன் ஜெபிக்கிறேன் என்று நினைப்பான்.
ஜெபிக்கவில்லை.
லாரியை ஒரு முழம் தள்ளி நிறுத்தும் ஒவ்வொருவனுடைய
பிறப்பையும் வளர்ப்பையும்
தூத்துக்குடித் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தேன்,
பதினோரு வருஷமாக.
ரேடியோவில் யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

இந்த வருஷம் லெந்தும் ரமலானும்
ஒரே வாரத்தில் தொடங்கின.
லாரிக்கார முராத், பலூச்சி,
பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வண்டிக்குள்.
நானோ, கறியை விட்டுவிட்டுப்
பரோட்டாவை இரட்டிப்பாக்கியவன்.

தொங்கும் பெட்டி ஆடும்.
காற்றுக்கு ஆடும், அவசரத்துக்கு ஆடும்.
புதிதாய் வருபவன் வெடுக்கென்று பிரேக் பிடிப்பான்;
ஆட்டம் கூடும்.
அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ
அந்தப் பக்கமே கொஞ்சம் கூடப் போய்
அதன் தலைக்கு நேர்மேலே நிற்க வேண்டும்.
அவ்வளவுதான். இருபது டன்னும்
தூளியில் பிள்ளை போல அடங்கிவிடும்.
கைக்கு இது எப்போதோ தெரியும்.
வாய்க்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் முராத் கோணலாய் வந்து நின்றான்.
வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
அதனோடு கொஞ்சதூரம் போனேன்:
ஆமாம், கோபம்தான். ஆமாம், தூக்கமில்லை.
ஆமாம், அவனுக்கும்.
பிறகு இந்தியில், "முராத் பாய், அரை அடி பின்னால்" என்றேன்.
அவன் கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தான்,
கிரேனில் ஆள் மாறிவிட்டதோ என்று.

அன்றைக்கு டின்னில் ஒன்றும் விழவில்லை.
வின்ஸ்லிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
இச்சையடக்கம் என் மரத்திலும் ஒரு பிஞ்சு விட்டது என்று
முழங்காலில் நின்று
ஆண்டவரிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

இரவு வீட்டுக்குப் பேசினேன்.
கெர்சோம் கணக்கில் முப்பத்தொன்று.
ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை நான்.
சுத்தமான தமிழில், பிரசங்கத் தமிழில்,
"உனக்காகத்தான் இங்கே வேகிறேன்" என்றேன்.
"நீ எதற்கும் தேறமாட்டாய்" என்றேன்.
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பொன்மலர் போனை வாங்கி,
சாப்பிட்டீங்களா, என்றாள்.

செருப்புகள் குவிந்த மாடிப்படியில்
டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வார்த்தைக்கு விலை எழுதிய நான்
குரலுக்கு எழுதவில்லை.
ஒரு ரியால் போட்டால் தீருமா? ஐந்து போட்டால்?
குலுக்கினேன்.
நோட்டுகளுக்குச் சத்தமில்லை.
நாணயங்கள் மட்டும் கலகலத்தன,
மனசுக்குள் திட்டியவை.
ஒரு பரிசேயனின் சேமிப்பு.

நாலு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது.
சகருக்கு எழுந்த முராத்
என்னைப் பார்த்தான், எதுவும் கேட்கவில்லை.
இரண்டாவது கோப்பையைக் கழுவி வைத்தான்.

அங்கே ஐந்தரை.
பொன்மலர் குடத்தோடு பைப்படியில் நிற்பாள்.
கெர்சோம்தான் எடுத்தான்.
"அப்பா?"

எல்லாம் ஒரே மூச்சில் முட்டிக்கொண்டு வந்தது,
என் நியாயங்களும் சேர்ந்து.
கொஞ்சம் பொறுத்தேன்.
நியாயங்கள் ஆடி ஓயட்டும்.
மன்னிப்பு மட்டும்
மெதுவாக, நேராக
இறங்கட்டும்.